ஒரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு விமானியும்



எனக்கு ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வழியாக மலையேறும் பஸ்ஸைப் பிடித்தால்தான் வீடு போய்ச் சேர முடியும். சின்ன வயசில் சாமைக் கொல்லையில் காவலுக்கு நிற்கும்போது மேலே ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் போதும், குருவி விரட்டுவதை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். அதற்காக அப்பாவிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. அந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் வெறும் டிப்ளமோதானே என்று கேட்ட அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் படிக்கக் கிடைத்ததுதான் ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்க்கை.

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். விடுமுறைக்குப் போன பிரான்சு நாட்டுக் கடற்கரையில், 1909-ல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த லூயி ப்ளேரியோ குடும்பத்தின் வீடும் இருந்தது. அங்கே பதினைந்து வயசில் முதல்முறையாக விமானத்தில் ஏறினார். அன்றைக்கே பைலட் ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டவரை, 1925-ல் அப்பா பம்பாய்க்கு வரச்சொல்லிவிட்டார். சேர்ந்தது என்ன வேலை தெரியுமா? சம்பளமில்லாத அப்ரன்டிஸ்! அடுத்த வருஷமே அப்பா இறந்துபோனார். கல்லூரிப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் குறை அவர் மனசில் இருந்தது. ஆனாலும் வேலை முடிந்து வந்து ராத்திரியில் தானே புத்தகம் வைத்துப் படித்தார். 34 வயசில், 1938-ல், டாடா நிறுவனத்தின் தலைவரானார். பட்டம் இல்லையே என்று புழுங்குகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பம்பாய் ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து, 1929 பிப்ரவரி 10-ல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் லைசென்ஸ் அதுதான்.

இப்போது நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். 1930-ல் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற பதினேழு வயசுப் பையன் லண்டனிலிருந்து எதிர்த்திசையில் வந்தான். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றான். ஜே.ஆர்.டி.யிடம் உபரி பிளக் இருந்தது. கொடுக்காமல் போயிருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தான். தோற்றவர் அதைப் பற்றி வருத்தப்படவே இல்லை. அந்த ஆஸ்பிதான் 1960-ல் இந்திய விமானப்படைத் தளபதியானார்.

1932 அக்டோபர் 15-ல் தபால் மூட்டையோடு ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹூவுக்கு ஜே.ஆர்.டி.யே ஓட்டி வந்தார். ரேடியோ கிடையாது, கண்தான் துணை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தபால் சர்வீஸ்தான் பிறகு ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1953-ல் அரசுடைமையான பிறகும் ஜே.ஆர்.டி.யே தலைவராக இருந்தார். 1978-ல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் 1982-ல், 78-வது வயசில், அதே கராச்சி–பம்பாய் பாதையில் தனியாகப் பறந்து காட்டினார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் மறைந்தார். 2022-ல் ஏர் இந்தியா மறுபடியும் டாடா கைக்கே வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதற்குப் பல லட்சம் ஆகும். எங்க அப்பா சாமையும் புளியும் விற்று அந்தப் பணத்தைக் கட்ட முடியாது. ஆனால் விமானத்தில் பைலட் மட்டுமா இருக்கிறார்? அதைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் பராமரிப்பு இன்ஜினியர் இருக்கிறார். விமானப்படையின் அக்னிவீர் வாயு தேர்வில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர்களுக்கு இடம் உண்டு. பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் டிப்ளமோ அப்ரன்டிஸ் எடுக்கிறார்கள். நான் போகப்போவது அந்த வழியில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டர் பரீட்சையன்று பக்கத்து ரூம் நண்பன் கால்குலேட்டர் ரிப்பேர் என்று வந்து நின்றான். என்னிடம் இரண்டு இருந்தும், இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேப்பரில் அவனுக்கு அரியர். அபூகிர் கதையைப் படித்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. இந்த மலர் அவன் கையில் கிடைப்பதற்கு முன்னாடியே அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அரியர் எழுதும்போது என் கால்குலேட்டர் அவன் பையில்தான் இருக்கும்.

தோழர்களே, உயரப் பறப்பதற்கு முன்னால் கூட இருப்பவனையும் கிளப்பிவிடுவோம்!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்