ஓகானல் மறுத்த பணம்

பொதுஜன சேவையில் இறங்கியவர்கள் அனைவரும் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. சங்கத்தின் பணப்பெட்டி காலியாயிருக்கும். செய்யவேண்டிய வேலையோ மலைபோல் குவிந்திருக்கும். அவ்வேளையில் ஒரு தனவந்தர் பெருந்தொகையொன்றைக் கொண்டுவந்து முன்வைப்பார். அத்தொகை எவ்வழியில் சேர்ந்ததென்பது ஊரறிந்த விஷயமாயிருக்கும். நற்காரியத்தில் செலவானால் எந்தப் பணமும் தூய்மை பெற்றுவிடும் என்பர் ஒரு சாரார். அதைத் தொடுவதே பாவம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டென்பது நமது அபிப்பிராயம். அதை விளக்குவதற்கு ஐர்லாந்து தேசத்தின் பெருந்தலைவராய் விளங்கிய டானியல் ஓகானலின் சரித்திரத்தைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

ஓகானல் 1775-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி, ஐர்லாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கெர்ரி ஜில்லாவில் பிறந்தார். அந்நாட்டு ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆயினும் பார்லிமெண்டில் அமரவும் உயர்ந்த உத்தியோகங்களை வகிக்கவும் சட்டம் அவர்களுக்கு இடந்தரவில்லை. புத்திரபாக்கியமில்லாத பெரிய தந்தையார் மாரிஸ் என்பவர் ஓகானலைத் தம் பொறுப்பில் ஏற்றுப் பிரான்சு தேசத்திற்குப் படிக்க அனுப்பினார். அப்பெரியவருடைய ஐசுவரியத்தில் ஒரு பகுதி, சர்க்கார் சுங்கத்தை ஏய்த்துக் கடல்வழியே சரக்குக் கடத்தியதால் வந்தது. இதை எவரும் மறைத்ததில்லை. ஆகவே, நமது சரித்திர நாயகரின் கல்விச் செலவே அப்பழுக்கற்ற பணமென்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் கோரங்களைக் கண்டு 1793-ல் அத்தேசத்தை விட்டு வெளியேறியது முதல், இரத்தம் சிந்தி அடையும் விடுதலையை அவர் வெறுத்தார். 1798-ல் வக்கீலானார். 1802-ல் சீதனம் ஏதுமற்ற உறவுப்பெண்ணாகிய மேரியை இரகசியமாக மணந்துகொண்டார். பணக்கார மருமகளை எதிர்பார்த்திருந்த பெரிய தந்தையார் சினங்கொண்டு, அவருக்கென எண்ணியிருந்த சொத்தைக் குறைத்துவிட்டார். கொடுத்த கை பிற்பாடு கயிற்றை இழுக்கும் என்பதை ஓகானல் இவ்வாறு இளமையிலேயே கண்டார்.

1815-ல் நேர்ந்த மற்றொரு சம்பவமும் கவனிக்கத்தக்கது. டெஸ்டர் என்ற டப்ளின் நகரசபை அங்கத்தினரோடு துப்பாக்கிச் சண்டை புரிய நேர்ந்தபோது, ஓகானலின் குண்டு பட்டு அவர் மாண்டார். அக்காலத்து வழக்கப்படி அது மானத்தைக் காக்கும் செயலாகவே கருதப்பட்டது. எனினும் ஓகானலின் மனச்சாட்சி அவரை விடவில்லை. இறந்தவரின் மனைவிக்குத் தம் வருமானத்தில் பங்கு தர முன்வந்தார். அம்மாது அதை ஏற்க மறுத்துவிட்டார். மகளுக்கென ஒரு சிறு தொகையை மட்டும் பெறச் சம்மதித்தார். அத்தொகையை ஓகானல் தவறாமல் செலுத்தி வந்தார். கறைபட்ட கையிலிருந்து வரும் பணத்தை மறுக்கும் உரிமை ஏழை விதவைக்கும் உண்டென்பதை, கொடுப்பவர் ஸ்தானத்திலிருந்தே அவர் அறிய நேர்ந்தது.

1823-ல் அவர் கத்தோலிக்கச் சங்கத்தை ஸ்தாபித்தார். அடுத்த வருஷமே, மாதம் ஒரு பென்னி தருபவர் எவரும் அதில் சேரலாமென ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் வாயில்களில் குடியானவர்களும் கூலியாட்களும் தங்கள் செப்புக்காசுகளைப் போட்டனர். பிரபுக்களை அண்டியிராத தேசீய நிதியொன்று அந்நாட்டில் முதன்முதலாக எழுந்தது. 1828-ல் கிளேர் தொகுதியில் நடந்த தேர்தலில் ஓகானல் 2,057 வோட்டுகள் பெற்று, 982 வோட்டுகள் மட்டுமே பெற்ற மந்திரி பிட்ஸ்ஜெரால்டைத் தோற்கடித்தார். மறுவருஷம் பிரிட்டிஷ் சர்க்கார் பணிந்தது. கத்தோலிக்கர்களுக்குப் பார்லிமெண்டின் கதவு திறந்தது.

பார்லிமெண்டில் நுழைந்தவுடனே அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் நீக்ரோ அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர்களின் கட்சியார் அச்சபையில் செல்வாக்குடன் இருந்தனர். அவர்கள் ஓகானலிடம் பேரம் பேச வந்தார்களாம். அடிமைத்தனத்தைப்பற்றி அவர் வாய் திறவாதிருந்தால், ஐர்லாந்து சம்பந்தப்பட்ட விஷயங்களில் தங்கள் 27 வோட்டுகளும் அவருக்கே என்றார்களாம். அவர் மறுத்துவிட்டார் என்று அமெரிக்கப் பேச்சாளர் வெண்டல் பிலிப்ஸ் 1875-ல் ஓகானல் நூற்றாண்டு விழாவில் எடுத்துரைத்தார். 1833-ல் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் வந்தபோது, எஜமானர்களுக்கு நஷ்டஈடாக இரண்டு கோடிப் பவுன் கொடுப்பதையும் ஓகானல் எதிர்த்தார். நஷ்டப்பட்டவன் அடிமையேயன்றி எஜமானன் அல்லன் என்பதே அவர் கட்சி.

1840-ல் அவர் தமது கடைசிப் பெரும் போராட்டத்தைத் துவக்கினார். 1800-ம் வருஷத்து இணைப்புச் சட்டத்தை ரத்து செய்து, ஐர்லாந்துக்குச் சொந்தப் பார்லிமெண்டு பெறுவது அதன் நோக்கம். பிழைப்பை நாடி அமெரிக்கா சென்று குடியேறியிருந்த ஐரிஷ்காரர்கள் நகரந்தோறும் ரத்துச் சங்கங்கள் அமைத்துப் பணம் அனுப்பலாயினர். அச்சங்கங்களில் பல, அடிமைத்தனம் நிலவிய தென் மாகாணங்களில் இருந்தன. அடிமைகளை விலைக்கு வாங்கி உழைக்க வைத்த சீமான்களும் அவற்றில் சேர்ந்து ஐர்லாந்தின் சுதந்திரத்திற்காகப் பிரசங்கித்தனர். 1841-ல் ஓகானல் உட்பட ஐர்லாந்தார் 60,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்று அமெரிக்கா சென்றது. அடிமை ஒழிப்பாளரோடு சேருங்கள் என அது அங்குள்ள ஐரிஷ்காரரை வேண்டிற்று. ஆனால் அவர்களில் மிகப்பலர் அதை விரும்பவில்லை. நியூயார்க் பிஷப் ஹியூஸ் அதன் உண்மையையே சந்தேகித்தார்.

1843-ம் வருஷம் வந்தது. அது ரத்து இயக்கம் உச்சநிலையை எட்டிய வருஷம். தாரா குன்றில் கூடிய கூட்டத்தை லட்சக்கணக்கில் மதிப்பிட்டார்கள். பணத்தின் தேவையும் அந்த அளவுக்கு இருந்தது. அவ்வருஷம் மே மாதத்தில் டப்ளினில் நடந்த கூட்டமொன்றில் ஓகானல் எழுந்து, அடிமைத்தனத்தை ஆதரிக்கும் ஐரிஷ்காரரைத் தம் நாட்டவராக அங்கீகரிக்க முடியாதென்றும், இரத்தக்கறை படிந்த அவர்களுடைய பணம் தமக்கு வேண்டாமென்றும் பகிரங்கமாக அறிவித்தார். விளைவு உடனே தெரிந்தது. தென் கரோலினாவிலுள்ள சார்ல்ஸ்டன் நகர ரத்துச் சங்கத்தார் கொதித்தெழுந்து தங்கள் சங்கத்தையே கலைத்துவிட்டனர். சின்சினாட்டி சங்கத்தார் அடிமைத்தனத்திற்குப் பரிந்து நீண்ட கடிதம் எழுதினர். ஓகானல் அதற்கு அக்டோபர் மாதத்தில் விரிவான பதில் விடுத்தார். அதே மாதத்தில்தான் கிளான்டார்ப் கூட்டத்தைச் சர்க்கார் தடைசெய்ததும் அவரைக் கைது செய்ததும் நிகழ்ந்தன. தம் தலைமேல் கத்தி தொங்கிய நேரத்திலும் அவர் தொலைதூரத்து அடிமையை மறக்கவில்லை.

இதனால் ஓகானல் ஒரு சிறிதும் வழுவாதவர் என்று நாம் சாதிக்க வரவில்லை. அடிமை மாகாணங்களிலிருந்து வந்த ஒவ்வொரு காசையும் அவர் திருப்பியனுப்பினார் என்று சொல்வது மிகையாகும். அடிமைகளை உடைய ஜனாதிபதி டைலரின் குமாரர் ராபர்ட் டைலர் ரத்து இயக்கத்தின் பெரிய ஆதரவாளராயிருந்தார். அவ்வாதரவை டப்ளின் சங்கம் உதறித்தள்ளவில்லை. தூய்மையில் பிடிவாதமுள்ள நண்பர்கள் இதற்காக அவரைக் கடிந்துகொண்டனர். மறுபுறம், தாமஸ் டேவிஸ், கவன் டபி முதலிய இளைஞர்கள் வேறுவிதமாக வாதித்தனர். ஐர்லாந்தின் துயரமே தாங்கமுடியாததாயிருக்க, அந்நிய நாட்டு விவகாரத்தில் தலையிட்டு உதவுபவரைப் பகைப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. இதை அற்பவாதமென்று ஒதுக்க முடியாது. பட்டினி கிடக்கும் ஜனங்களின் பெயரால் பேசுகிறவன், தன் மனச்சாட்சியின் செலவை அவர்கள் தலையில் சுமத்தலாமா?

ஓகானல் செய்ததைக் கூர்ந்து நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். அவர் பணம் பிறந்த இடத்தை மட்டும் ஆராயவில்லை. அது தம் நாவை என்ன செய்ய எண்ணுகிறதென்பதையும் ஆராய்ந்தார். தென் மாகாணத்தார் விரும்பியது அவர் பேசுவதையல்ல, பேசாதிருப்பதையே. ஒரு தேசத்தின் விடுதலைக்கென நன்கொடை வாங்கி, அதற்கு ஈடாக மற்றொரு ஜாதியாரின் விலங்கைப்பற்றி மௌனம் சாதிப்பதானால், அது நன்கொடையல்ல, விற்பனை. விடுதலை சகல மனிதருக்கும் உரியது என்ற அஸ்திவாரத்தின் மீதே ஐர்லாந்தின் வழக்கு நின்றது. அஸ்திவாரத்தை விற்று மாளிகை கட்டுவார் உண்டோ?

அதே 1843-ல் ஸ்காட்லாந்தில், அரசாங்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து சுதந்திரத் திருச்சபை எழுந்தது. அச்சபையார் அமெரிக்காவில் திரட்டிய நிதியில் சுமார் 3,000 பவுன் அடிமை மாகாணங்களிலிருந்து வந்தது. தப்பியோடி வந்த அடிமையும் பெரும் பேச்சாளருமான பிரடெரிக் டக்ளஸ் 1845-ல் டப்ளினில் ஓகானலோடு ஒரே மேடையில் நின்றவர். அவர் 1846-ல் ஸ்காட்லாந்து முழுவதும் சுற்றி, அப்பணத்தைத் திருப்பியனுப்பும்படி கிளர்ச்சி செய்தார். சபையார் அனுப்பவில்லை. அதற்கும் மேலாக, வாங்கியதை நியாயப்படுத்துவதற்காக, அடிமை எஜமானரும் நல்ல கிறிஸ்தவரே என்று வாதிக்கும் நிலைக்கு அவர்கள் தலைவர்கள் வந்தனர். வாங்கிய பணம் நாவைக் கட்டுவதோடு நில்லாமல், அதைத் தன் பக்கமே பேசவும் வைத்துவிடுகிறது.

ஓகானல் 1844-ல் சிறைப்பட்டு, பிரபுக்கள் சபையின் தீர்ப்பால் சில மாதங்களில் விடுதலையானார். 1845 முதல் ஐர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. உடல் தளர்ந்து ரோமாபுரி யாத்திரை புறப்பட்டவர், 1847 மே 15-ந் தேதி ஜெனோவா நகரில் உயிர்நீத்தார். அவர் கோரிய பார்லிமெண்டு அவர் காலத்தில் வரவில்லை. அமெரிக்கப் பணத்தை வாங்கியிருந்தால் வந்திருக்குமா? அப்படி எண்ணுவதற்கு ஆதாரம் எதையும் நாம் காணவில்லை.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்கள் இச்சரித்திரத்தில் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டுகிறோம். பெருந்தொகையை மறுக்கும் வலிமை ஓகானலுக்கு எங்கிருந்து வந்தது? கோயில் வாயில்களில் விழுந்த செப்புக்காசுகளிலிருந்தே வந்தது. பலர் தரும் பென்னிகளால் நிரம்பும் பெட்டிக்கு ஒருவர் முகத்தை நோக்கிப் பேசவேண்டிய அவசியமில்லை. சிறுதுளி சேர்க்கும் சிரமத்திற்கு அஞ்சுகிற ஸ்தாபனம், சந்தேகத்திற்குரிய தனவந்தர் வாயிலில் வந்து நிற்கும் நாளில் மறுப்பதற்குச் சக்தியற்றுப் போகும். அந்நாளில் தர்மவிசாரம் செய்து பயனில்லை. அதற்கு வெகுநாள் முன்பே வீடுவீடாகச் சென்று காலணா வசூலித்திருக்க வேண்டும். ஆதலின், எந்த நன்கொடை வந்தாலும், இதைப் பெற்றபின் நாம் எதைச் சொல்லக் கூசுவோம் என்று முதலில் கேட்டுக்கொள்வோமாக. அப்படி ஒன்று உண்டென்று தோன்றினால், கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவதே தேசத்துக்கு நாம் செய்யும் சேவையாகும்.