வெளிச்சத்தை மருந்தாக்கிய டாக்டர்

அறிவியல் அறிஞர்கள் வரிசையில் நான் இந்த முறை எழுதுவது நீல்ஸ் ஃபின்சன் பற்றி. நம்ம கொடுங்கையூருக்குப் போகும் சாக்கடைத் தண்ணிக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிறகு சொல்றேன்.

ஃபின்சன் 1860-ல் ஃபேரோ தீவுகளில் பிறந்தார். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் டாக்டருக்குப் படித்தார். படிக்கும்போதே தீராத நோய் வந்துவிட்டது. இதயம் பலவீனம், வயிற்றில் நீர் கட்டும். தங்கியிருந்த அறையோ வடக்குப் பார்த்தது, வெயிலே படாது. வெயிலில் இருந்தால் உடம்பு கொஞ்சம் தேறுவதாக அவருக்குத் தோன்றியது. ஏன் என்று ஆராய ஆரம்பித்தார்.

வெயில் கிருமிகளைக் கொல்லும் என்று 1877-லேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் என்ற இருவர் காட்டியிருந்தார்கள். ஃபின்சன் அதை வைத்தியமாக மாற்றினார். தோலில் வரும் காசநோய் மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் அரித்துவிடும். 1895-ல் அப்படி ஒரு நோயாளிக்கு கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். காசிமேட்டில் வெல்டிங் வைக்கும்போது கண் கூசுமே, ஏறக்குறைய அந்த மாதிரி வெளிச்சம்! சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதால் குவார்ட்ஸ் லென்ஸ் பயன்படுத்தினார். சூடு தெரியாமலிருக்க அதைத் தண்ணீரால் குளிர வைத்தார். புண் ஆறியது! 1896-ல் ஒளி சிகிச்சை நிலையமே தொடங்கினார்.

1903-ல் நோபல் பரிசு. ஆனா நேரில் போய் வாங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அப்போது சக்கர நாற்காலிதான். அந்தப் பணத்திலும் பெரும்பகுதியை மருத்துவ நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். 1904-ல் 43 வயதில் இறந்தார்.

ஆறே வருஷத்தில், 1910-ல், பிரான்சில் மார்சே நகரத்தில் குடிதண்ணீரையே புறஊதாக் கதிரால் சுத்தம் செய்து பார்த்தார்கள். இப்போது பல நாடுகளில் கழிவுநீருக்கும் இது உண்டு. அங்கேயும் விளக்குக்கு உறை குவார்ட்ஸ்தான்! கதிர் பட்டதும் கிருமியின் டி.என்.ஏ. சிதையும், பெருக முடியாது.

வடசென்னைக் கழிவுநீர் கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்பட்டு, ஒரு பகுதி மணலி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மிச்சம் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு. அந்தக் கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்தைத் தொடுகிறது, அங்கே மீன்பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கிருமியைக் கொல்ல வழக்கமாகச் சேர்ப்பது குளோரின். அது தண்ணீரில் தங்கினால் மீனுக்கு ஆகாது. வெளிச்சம் எதையும் மிச்சம் வைக்காது. ஆனா கரண்டு வேண்டும், தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் அழுக்குத் துகளின் நிழலில் கிருமி ஒளிந்து தப்பித்துவிடும். அதனால் முதலில் நன்றாக வடிகட்டிவிட்டுத்தான் விளக்கு.