தப்பை ஒத்துக்கொண்ட மேதை

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்துன்னு உரக்கடையில சொல்றாங்களே, அதெல்லாம் பயிருக்கு எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அதை உலகத்துக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் ஜஸ்டஸ் வான் லீபிக்.

இவர் 1803-ஆம் ஆண்டு ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். அப்பா பெயிண்டு, வார்னிஷ் வியாபாரி. அவர் பட்டறையில்தான் சின்ன வயசிலேயே வேதியியல் பழகினார். 21 வயதில் கீஸன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்!

பயிரை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்கு. அறுவடையோடு அவை நிலத்தை விட்டுப் போயிடும். எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கணும் என்று 1840-இல் புத்தகம் எழுதினார். ஒரு சத்து குறைந்தால், மற்றதை எவ்வளவு கொட்டினாலும் விளைச்சல் கூடாது என்பதையும் பரப்பினார். அதை இவருக்கு முன்பே சொன்னவர் ஸ்பிரெங்கல்.

1845-இல் இவரே கோதுமைக்கு உரம் தயாரித்தார். மழையில் கரைந்து ஓடிவிடுமே என்று பயந்து, சீக்கிரம் கரையாதபடி உருக்கிச் செய்தார். கரையாததை வேர் எப்படிக் குடிக்கும்? விளைச்சல் கூடவில்லை. தழைச்சத்து காற்றிலிருந்தே போதுமான அளவு கிடைச்சிடும்னு நினைத்ததும் தப்பாப் போச்சு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வயலில் 1843 முதல் கோதுமை விதைத்துப் பார்த்த லாஸ், கில்பர்ட் இருவரும் அதைக் காட்டினார்கள். அவர்களோடு பல வருஷம் வாதாடினார்.

மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. உலகமே புகழும் நிலையில், 1862-இல், உரத்தில் செய்த தவறைத் தன் புத்தகத்திலேயே எழுதினார். 1873-இல் மியூனிக்கில் காலமானார்.

நாம கணக்கைத் தப்பாப் போட்டா, டீச்சர் பார்க்கிறதுக்குள்ள ரப்பர் வச்சு அழிச்சிடுறோம். இவர் அழிக்கல. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி வச்சிட்டுப் போனார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி