சரித்திரத்தை உரைத்துப் பார்த்த இப்னு கல்தூன் (ரஹ்)

பழைய கிதாபில் இருக்கிறது என்றால் நாம் மறுபேச்சுப் பேசுவதில்லை. எழுதியவர் பெரியவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த வழக்கத்தை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டித்தவர் அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 732 ரமளான் முதல் பிறையில் (கி.பி. 1332) தூனிஸ் நகரில் பிறந்தார்கள். முன்னோர் ஹளரமௌத்திலிருந்து ஸ்பெயின் சென்று இஷ்பீலிய்யாவில் செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். குர்ஆன் ஷரீபை மனனம் செய்து மாலிகி பிக்ஹு கற்றுவந்த இளம் வயதில், 1348-49-ல் பரவிய கொள்ளை நோய் தாய் தந்தையரையும் உஸ்தாதுகள் பலரையும் கொண்டுபோய்விட்டது.

பிறகு அரசாங்க உத்தியோகம். ஃபாஸ், கிரானடா, பிஜாயா என்று அரண்மனை மாறி அரண்மனை. நடுவே இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைந்த சிறைவாசம். ஆட்சி மாறும்போதெல்லாம் தாமும் பக்கம் மாறினார்கள் என்ற குறை அவர்கள்மீது உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1364-ல் கிரானடாவின் தூதராகச் சென்றபோது, தன்னிடமே தங்கினால் முன்னோரின் சொத்தைத் திருப்பித் தருவதாகக் காஸ்டில் மன்னன் சொல்லியும் மறுத்துவிட்டார்கள்.

அரசியல் அலுத்து, 1375-ல் அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார்கள். அங்கேதான் 1377-ல், ஐந்தே மாதங்களில், ‘முகத்திமா’ உருவாயிற்று.

செய்தி சொன்ன ராவி நம்பகமானவரா என்று பார்த்தால் மட்டும் போதாது, சொன்ன செய்தி நடக்கக்கூடியதா என்றும் பார்க்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. மூஸா நபி (அலை) அவர்களுடன் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர் இருந்ததாகச் சரித்திரக்காரர்கள் எழுதிய கணக்கை எடுத்துக்கொண்டார்கள். எழுபது பேராக மிஸ்ருக்கு வந்த குடும்பம் நான்கு தலைமுறைக்குள் இவ்வளவு பெருகுமா? அத்தனை பேர் களத்தில் நின்றால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கணக்கைத் தள்ளினார்கள்.

கறுப்பு நிறம், நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் ஹாமுக்குக் கிடைத்த சாபம் என்ற கதையையும் ஒதுக்கினார்கள். நிறம் வெயிலால், தட்பவெப்பத்தால் வருவது. வம்சத்தால் அல்ல என்றார்கள். (அதே நூலில் வெப்ப நாட்டாரின் குணத்தைப் பற்றி இழிவாக எழுதியதை நாம் ஏற்பதற்கில்லை. நிறத்தில் நீக்கிய தவறைக் குணத்தில் விட்டுவிட்டார்கள்.)

‘அஸபிய்யத்’ என்னும் குலப்பிணைப்பே ஆட்சியை எழுப்புகிறது. சுகபோகம் வந்ததும் அது தளர்ந்து, மூன்று தலைமுறையில் ஆட்சி சாய்கிறது என்று கண்டார்கள். ஹதீஸில் அஸபிய்யத் கண்டிக்கப்பட்டிருக்கிறதே என்று நம் வாசகர் கேட்கலாம். கண்டிக்கப்பட்டது அறியாமைக் காலத்து வீண் குலப்பெருமையே என்று அவர்களே விளக்கமும் தந்துள்ளார்கள்.

1382-ல் மிஸ்ர் சென்றார்கள். 1384-ல் சுல்தான் பர்கூக், மாலிகி தலைமைக் காஜியாக நியமித்தார். பெரிய மனிதர்களின் சிபாரிசை ஏற்காததால் பகை மூண்டது. அவ்வேளையில்தான் தூனிஸிலிருந்து வந்த குடும்பத்தாரின் கப்பல் கடலில் மூழ்கியது. பதவியும் போயிற்று. 1387-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள்.

1401-ல் தைமூர் டமாஸ்கஸை முற்றுகையிட்டபோது, எழுபதை நெருங்கிய இந்தப் பெரியவர் கோட்டை மதிலிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு, அவரைச் சந்தித்துப் பேசினார்கள்.

ஹிஜ்ரி 808 ரமளானில் (1406), ஆறாம் முறையாகக் காஜி பதவியில் இருக்கும்போதே கெய்ரோவில் வபாத்தானார்கள். பாபுன் நஸ்ர் வாசலுக்கு வெளியே சூபிகளின் கபருஸ்தானில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.