பெஞ்சமின் பிராங்கிளின் ஆற்றிய நகரத் தொண்டு

மின்னலின் இயல்பை ஆராய்ந்த விஞ்ஞானியென்றும், அமெரிக்க நாட்டின் சுதந்தரத்திற்கு உழைத்த ராஜதந்திரியென்றும் பெஞ்சமின் பிராங்கிளினை நம்மிற் பலர் அறிவர். அப்பெருமைகளை விரித்துரைப்பது நம் கருத்தன்று. தம் வீதியிற் கிடந்த சேற்றையும், அயலார் வீட்டில் பற்றிய நெருப்பையும் தம் சொந்தக் காரியமாகக் கொண்டு அவர் உழைத்த வரலாற்றையே ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

பிராங்கிளின் 1706-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ம் தேதி பாஸ்டன் நகரிற் பிறந்தார். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து ஜீவித்த அவர் தந்தைக்குப் பிள்ளைகள் 17 பேர். ஆகவே, பள்ளிப்படிப்பு இரண்டாண்டுகளோடு நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தவர், அவருடன் மனம் ஒவ்வாது, 1723-ல் பிலடெல்பியாவிற்கு ஓடிவந்தார். அறிந்தவர் ஒருவருமில்லாத அவ்வூரில் அயராது உழைத்துத் தாமே ஓர் அச்சுக்கூடத்திற்கு உரியவரானார்.

1727-ல், தம்மையொத்த தொழிலாளரும் வியாபாரிகளுமான வாலிபர் சிலரைக் கூட்டி, ஜண்டோ என்னும் சிறு சபையை அமைத்தார். அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் மாலையிற் கூடி, ஊருக்கு நன்மை பயப்பன யாவை என ஆராய்வர். 1729-ல் பென்சில்வேனியா கெஜட் என்னும் பத்திரிகையும் அவர் கைக்கு வந்தது. சபையில் ஆராய்தல், பத்திரிகையில் எழுதி ஜனங்களின் மனத்தைப் பண்படுத்தல், பின் வீடுதோறும் சென்று கையொப்பம் பெறுதல் ஆகிய இம்மூன்றுமே அவர் கையாண்ட வழி.

1731-ல் புத்தகசாலை ஒன்று நிறுவ முயன்றபோது அரியதொரு பாடம் கற்றார். ஒருவன் தன் யோசனையெனச் சொல்லிக்கொண்டு உதவி கேட்பின், அவன் புகழ் தேடுகின்றான் என்று அயலார் பின்வாங்குவர். இதனைக் கண்டபின், நண்பர் சிலரின் ஏற்பாடு இதுவென்று கூறித் தம்மை மறைத்துக்கொண்டார், காரியம் எளிதாயிற்று. தலைக்கு நாற்பது ஷில்லிங் முதலும், ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் சந்தாவும் தர ஐம்பதின்மர் இசைந்தனர்.

1736-ம் வருஷம் நவம்பர் 21-ம் தேதி, அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் மாண்டான். பதினாறாம் நாள், டிசம்பர் 7-ம் தேதி, யூனியன் தீயணைப்புச் சங்கம் தோன்றிற்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், பொருள்களை மீட்பதற்குரிய பைகளும் வைத்திருக்கவேண்டும். மாதக் கூட்டத்திற்கு வாராதார் தரும் அபராதத்தால் ஏணிகளும் நீர்பாய்ச்சும் யந்திரங்களும் வாங்கப்பட்டன. இதற்கிடையே, அம்மைச் சீழைத் தோலிற் கீறி வைத்து நோய் தடுக்கும் அக்கால முறையினாலேயே குழந்தை இறந்தான் என்று ஊரில் வதந்தி பரவிற்று. உண்மையில் பிராங்கிளின் அம்முறையை ஆதரிப்பவர். எனினும், மகன் உடல் நலிந்திருந்தமையால் அவனுக்கு அதனைச் செய்விக்கவில்லை. வதந்தியைக் கேட்டுப் பிற பெற்றோர் அஞ்சுவரெனக் கருதி, நடந்ததை அம்மாத இறுதியில் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டார். தம் துயரை மறைத்துக்கொள்ள எந்தத் தந்தைக்கும் உரிமையுண்டு. அயலார் குழந்தைகளின்பொருட்டு அவ்வுரிமையையும் அவர் துறந்தார்.

இராக்காவலின் சீர்கேட்டையும் அவர் எடுத்துக்காட்டினார். காவலுக்குச் செல்லாத குடித்தனக்காரர் ஆண்டுக்கு ஆறு ஷில்லிங் கொடுப்பது வழக்கம். ஐம்பது பவுன் பெறுமான பொருளுமில்லாத ஏழை விதவையும், பண்டகசாலைகள் நிறைந்த பெருவணிகரும் ஒரே தொகை கொடுப்பது நீதியன்று என்றும், உடைமைக்கு ஏற்ப வரி விதித்தலே தகுமென்றும் அவர் வாதித்தார். சில ஆண்டுகளுக்குப்பின் சட்டமும் திருந்திற்று.

சந்தை வீதியின் ஒரு பகுதிக்குக் கல் பாவுவித்தபின், அதில் சேறு படிவதைக் கண்டு, உழைப்பாளியான ஓர் ஏழையைத் தேடிப்பிடித்தார். வீட்டுக்கு மாதம் ஆறு பென்ஸ் கொடுத்தால் வாரம் இருமுறை பெருக்க அவன் சம்மதித்தான். வீடு தூய்மையாயிருத்தல், கடைக்கு வாங்குவோர் எளிதில் வருதல், சரக்கில் புழுதி படியாமை முதலிய நன்மைகளை அச்சிட்டு வீடுதோறும் அனுப்பினார். ஓரிரு நாளிற் சென்று கேட்டபோது ஒருவர் தவறாமல் அனைவரும் கையொப்பமிட்டனர். அத்தூய்மையைக் கண்ட நகரத்தார், எல்லா வீதிகளுக்கும் கல் பாவ வரி கொடுக்கவும் மனமிசைந்தனர். வீதிவிளக்கு யோசனைக்கு மூலகாரணர் தாமல்லர், தம் வாயிலில் விளக்கு வைத்த ஜான் கிளிப்டனே என்பதையும், 1751-ல் எழுந்த ஆஸ்பத்திரி டாக்டர் தாமஸ் பாண்டின் எண்ணம் என்பதையும் அவரே எழுதிவைத்தார்.

அவரிடத்துக் குறையில்லாமலில்லை. விதவையின் ஆறு ஷில்லிங்கிற்காக வாதாடியவர், தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்களையும் தம் பத்திரிகையில் வெளியிட்டார். அண்டையில் வாழ்ந்தும் அவர்கள் அயலாராகத் தோன்றாதது பெரும் பிழையே. ஆயினும், முதுமையில் மனந்திரும்பி, 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790-ம் வருஷம் பிப்ரவரியில், அடிமைத்தனத்தை ஒழிக்குமாறு காங்கிரஸுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அது பலிக்கவில்லை. ஏப்ரல் 17-ம் தேதி, தமது 84-ம் வயதில் காலமானார்.

மாணவ நண்பர்களே! ஊர்ப்பணி செய்யப் பதவி வரட்டுமெனக் காத்திருப்போர் நம்மில் பலர். பிராங்கிளின் அங்ஙனம் காத்திருந்தாரில்லை. ஒரு துடைப்பக்காரனும், ஓர் அச்சிட்ட தாளும், அயலார் கதவைத் தட்டும் பொறுமையுமே அவ்வீதிக்குப் போதுமாயிருந்தன. நம் வாயிலுக்கு எதிரே கிடக்கும் சேற்றை நாமும் நாள்தோறும் காண்கின்றோம். அயலார் கதவை முதலிற் சென்று தட்டுவோர் யார்?