மூளைக்குச் சக்தி தரும் பொருளைக் கண்ட டாக்டர் சுப்பாராவ்

மனித மூளை, உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 விழுக்காடு அதற்கே போகிறது. அந்தச் சக்தியைத் தாங்கி நிற்கும் ஏ.டி.பி. என்ற பொருளை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் யெல்லப்பிரகட சுப்பாராவ்.

ஆந்திராவின் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் தேதி ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது.

மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா சென்றார். பாஸ்டன் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க்குடன் ஆய்வு செய்து, 1929-இல் தசையில் ஏ.டி.பி. இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் ஏ.டி.பி.யைப் பெருமளவில் தயாரிக்கிறது என்பது பிறகு தெளிவானது. மூளை உயிரணுவால் இதைச் சேமித்து வைக்க முடியாது. நொடிக்கு நொடி புதிதாக வேண்டும். நனைந்த விறகு எரியாமல் புகைவதுபோல, பழுதான மைட்டோகாண்ட்ரியா சக்தியைக் குறைத்து, உயிரணுவைக் கெடுக்கும் கழிவைப் பெருக்குகிறது. கைநடுக்கம் தரும் பார்கின்சன் நோயிலும், நினைவைப் பறிக்கும் அல்சைமர் நோயிலும் இந்தப் பழுது காணப்படுகிறது.

ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரது தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. யானைக்கால் நோய்க்கான மாத்திரையும், ஆரியோமைசின் நோய்க்கொல்லியும் அங்கிருந்தே வந்தன.

1948 ஆகஸ்டில், 53 வயதில் அவர் காலமானார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995-இல் இந்தியா அஞ்சல்தலை வெளியிட்டு அவரை நினைவுகூர்ந்தது. வாடும் மூளையில் சக்தி எவ்வளவு மிச்சம் என்று இன்று அளக்கும் ஆய்வாளர்கள், அவர் காட்டிய பொருளைத்தான் அளக்கிறார்கள்.