திரையில் கண்ட ஔவை

சினிமாப் படம் பார்த்துத் திருந்தியவர் உண்டா என்று கேட்டு நகைப்போர் நம்மிடையே பலர். கெட்டுப்போனவர்களை வேண்டுமானால் விரல்விட்டு எண்ணிக் காட்டுவர். ஆயினும், 1953 ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தைப் பார்த்த தலைமுறையினரிடம் இக்கேள்வியைக் கேட்டால் அவர்கள் எளிதில் நகைத்துவிட மாட்டார்கள். திண்ணையில் பிரம்புக்கு அஞ்சி மனனஞ்செய்த ஆத்திசூடி, அன்றுதான் அவர்களுக்கு ஒரு முகத்தையும் ஒரு குரலையும் பெற்றது. நீறு துலங்கும் நெற்றி, நரைத்த தலை, கையிலே கோல், கொட்டகையின் கூரையைத் தொடும் சாரீரம். அதன் பின்னர் ஔவை என்றதும் அவர்களுடைய மனக்கண்முன் தோன்றியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரே. அவ்வுருவத்துள் மறைந்திருந்த வாழ்க்கையையும் அறிந்தாலன்றி, அது பேசிய அறம் ஏன் அத்துணை ஆழமாகப் பதிந்தது என்பது விளங்காது.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அம்மையார் பிறந்தார். தாயார் பாலாம்பாள். வறுமை அக்குடும்பத்தின் நிரந்தர விருந்தாளியாக இருந்தது. இரயில் வண்டியிலே பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தவர்களே அவரை நாடக மேடைக்கு வழிகாட்டினர் என்று சொல்வர். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், நள்ளிரவிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தப் பரீட்சையில் தேறியவர்களே நடிகர்கள். சிறுமி சுந்தராம்பாள் அதில் எளிதாகத் தேறினார்.

அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய சந்திப்பு நிகழ்ந்தது நமது இலங்கையில் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. தென்னிந்திய நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடிய காலம் அது. 1920களின் நடுப்பகுதியில், கொழும்பு மேடையில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்து நடித்தனர். இருவருக்கும் இருபது வயதளவே இருக்கும். ஒருவர் குரலை மற்றவர் குரல் துரத்திப் பிடிக்கும் அப்போட்டியைக் காணவே சனங்கள் கூடினர். மேடையில் முருகனாகவும் வள்ளியாகவும் நின்றவர்கள் வாழ்விலும் இணைந்தனர்.

அவ்வில்லறம் இனிது நடந்ததென்று சொல்வதற்கில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி ஒருவர் இருந்தார். குல வேற்றுமையும் குறுக்கே நின்றது. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. அக்காலத்தில் சுந்தராம்பாள் தம் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் அச்சேறியுள்ளன. அவற்றைப் படிப்போர், மேடையில் சிங்கம்போல் நின்றவர் வீட்டில் எவ்வளவு ஏங்கியிருந்தார் என்பதை உணர்வர். 1933 டிசெம்பரில், முப்பது வயதும் நிரம்பாத நிலையில், கிட்டப்பா காலமானார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று உடுத்த வெள்ளாடையை அவர் பிறகு மாற்றவேயில்லை. எந்த ஆடவருக்கும் சோடியாக இனி நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

புகழின் உச்சியில் நின்ற ஒரு நடிகை இவ்வாறு உறுதி பூண்டால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்ததென்றே எவரும் எண்ணுவர். ஆனால் படமுதலாளிகள் விடவில்லை. நந்தனாராக நடிக்கும்படி கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பொருட்டு, எவராலும் கொடுக்கவியலாத தொகையென்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டாராம், அவர்களோ இணங்கிவிட்டனராம். 1935 இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் பூண்ட சுந்தராம்பாள் நந்தனாகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் தோன்றினர். வேதியர் நந்தனின் காலில் விழுவதா என்று வைதிகர் சிலர் கொதித்தனர். ஆனந்த விகடனில் எழுதிவந்த கல்கியோ, கலை நோக்கிலே படத்தை எள்ளி நகையாடினார். படம் சிறந்ததா என்பது வேறு வழக்கு. தாழ்த்தப்பட்டவனின் பக்தியின் முன் உயர்குலத்தவன் பணியும் காட்சியை, மதுரை மீனாட்சி கோயிலின் கதவு எல்லோருக்கும் திறக்கப்பட்ட 1939 ஆம் ஆண்டிற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, காசு கொடுத்துப் பார்க்கச் சனங்கள் வந்தனர் என்பது சிறிய செய்தியன்று. இங்கே நாமும் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நந்தன் கதையைக் கதாகாலட்சேபத்திலும் படத்திலும் கேட்டுக் கண்ணீர் உகுத்த யாழ்ப்பாணத்திலே, 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே செல்லும் உரிமைக்காக மனிதர்கள் காத்துக் கிடக்க நேர்ந்தது. கண்ணீர் விடுவது எளிது. கதவைத் திறப்பதுதான் கடினம் போலும்.

1940 இல் அவர் மணிமேகலையாக நடித்தார். அதன் பின்னர் நெடுங்காலம் திரையில் தோன்றவில்லை. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் தேசியப் பணியில் முன்னரே ஈடுபட்டிருந்தவர், காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பேச்சாளருக்கு வராத கூட்டம் அவருடைய பாட்டுக்கு வந்தது. 1950களில் சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார்.

எஸ். எஸ். வாசன் ஔவையார் கதையை எடுக்க முனைந்தபோது வேறு ஒருவரை எண்ணிப் பார்த்திருக்கவும் இயலாது. கொத்தமங்கலம் சுப்பு நெறியாள்கை செய்தார். ஆண்டுகள் பல கழிந்தன. பணம் தண்ணீராய் ஓடிற்று. யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைப் பற்றிச் சனங்கள் பல நாள் பேசினர். சங்க காலத்து ஔவையும் ஆத்திசூடி பாடிய பிற்காலத்து ஔவையும் ஒருவரே எனக் காட்டிய அப்படத்தை வரலாற்றாசிரியர் ஏற்கமாட்டார். அன்றைய முதலமைச்சர் ராஜாஜிக்கும் படம் மனநிறைவு தரவில்லை என்று பின்னர் தெரியவந்தது. குறைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் கதையின் கரு எது? மணம் பேச வருகிறார்கள். இளநங்கை ஒருத்தி பிள்ளையாரிடம் சென்று தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி வேண்டி முதுமையைப் பெறுகிறாள். அக்காட்சிக்குப் பின் திரையில் வந்து நின்றவர், இருபத்தைந்து வயதிலே தம் இளமையைத் தாமே துறந்தவர். பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆகவேதான் அவர் அறம் உரைத்தபோது ஒரு நடிகை ஒப்புவிக்கிறாள் என்று எவருக்கும் தோன்றவில்லை. பின்னர் 1973 இல் காரைக்கால் அம்மையாராகத் தோன்றியபோதும் அதே கதைதான்: அழகைக் களைந்து பேயுருவை வேண்டிப் பெற்ற பெண். மணிமேகலை, ஔவை, காரைக்கால் அம்மையார் என அவருக்கு வந்து வாய்த்த வேடங்கள் யாவும் ஒரே வாழ்க்கையின் வெவ்வேறு பெயர்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

இங்கு ஒரு சங்கடமான கேள்வியும் எழுகின்றது. இத்துறவை அவராகத் தேர்ந்தாரா, கைம்பெண் இப்படித்தான் இருக்கவேண்டுமென்று விதித்த சமூகம் அவர்மீது சுமத்திற்றா? வெள்ளாடையைக் கைகூப்பித் தொழுத ஆடவர், மனைவியை இழந்த ஓர் ஆடவனிடம் இதே தவத்தை எதிர்பார்த்திருப்பார்களா? எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அம்மையார் அந்த வெள்ளாடைக்குள் ஒடுங்கிக் கிடக்கவில்லை. ஊதியத்தைத் தாமே பேசினார். சட்ட மேலவைக்குச் சென்றார். தமது ஊராகிய கொடுமுடியிலே தம் பெயரில் திரையரங்கும் கட்டினார். மூலையில் இருத்துவதற்கென்று சமூகம் கொடுத்த ஆடையை அவர் நடுச்சபைக்கு அணிந்து வந்தார்.

அவருடைய மனவுறுதிக்குச் சான்றாக 1964 இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்தையொட்டிய செய்தி ஒன்றைக் கூறுவர். மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படத்தில் அம்மையாருக்குச் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் வேடம். நாத்திகர் எழுதும் படமென்று முதலில் தயங்கினார், பின்னர் இசைந்தார். பாடலொன்றிலே, கோவலன் கொலையுண்டபோது தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் பொருள்பட ஓர் அடி வந்தது. அதைப் பாட அம்மையார் மறுத்துவிட்டார். தெய்வம் வந்துவிட்டது எனப் பொருள் மாறும்படி அடி திருத்தப்பட்ட பின்னரே பாடினார். பாட்டு எழுதியவர் வேறு, மெட்டு அமைத்தவர் வேறு, தாம் வாயசைக்கும் பாத்திரமும் வேறு என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். தம் நாவிலிருந்து புறப்படும் சொல்லுக்குத் தாமே பொறுப்பென்று அவர் கருதினார். திருத்த இசைந்த கருணாநிதியின் பெருந்தன்மையும் பாராட்டத்தக்கதே.

1965 இல் ‘திருவிளையாடல்’ படத்திலும், 1967 இல் ‘கந்தன் கருணை’ படத்திலும் மீண்டும் ஔவையாகவே வந்தார். 1969 இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970 இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. எண்ணிப் பார்த்தால் அவர் நடித்த படங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேலிரா. 1980 செப்டெம்பரில் அவர் மறைந்தபோது, கிட்டப்பாவுக்காக வெள்ளாடை உடுத்து ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. கொழும்பு மேடையில் அவ்விருவரையும் சேர்த்துக் கண்டவர்களுள் எஞ்சியிருந்தோர் அன்று மிகச் சிலரே.